நாலாம் ஆண்டில் வரலாறு பிறந்த கதை

நெகிரி செம்பிலானின் நீலாயில் கம்யூட்டர் ரயிலேறிச் சிரம்பான் பக்கம் போனால் அடுத்த நிலையம் லாபு. அந்த வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். லாபு தோட்டம் பிரிவு 1 தமிழ்ப்பள்ளி, லாபு தோட்டம் பிரிவு 4 தமிழ்ப்பள்ளி, கெர்பி தோட்டத் தமிழ்ப்பள்ளி. பள்ளிக்கு ஒரு புலவர் பெயரோ தலைவர் பெயரோ இல்லை. தோட்டத்தின் பெயரும், கம்பெனிக்காரன் தோட்டத்தைக் கூறு போட்டபோது வைத்த எண்ணும்தான் பெயர். அந்த எண்ணைத் தினமும் சட்டைப்பையில் குத்திக்கொண்டு போகும் பிள்ளைக்கு வரலாறு சொல்லிக் கொடுக்கப் புத்தகம்கூட வேண்டாம் என்று தோன்றும். ஆனால் பாடம் என்று ஒன்று வர நெடுங்காலம் பிடித்தது. வந்து, போய், வேறு பெயரில் திரும்பி, மறுபடியும் தன் சொந்தப் பெயரில் 2014இல் நாலாம் ஆண்டு வகுப்புக்குள் நுழைந்தது.

கதையைத் தோட்டத்திலிருந்து தொடங்குவதே முறை. லாபுவில் ரப்பர் வந்த காலத்தில் பள்ளிக்கூடம் யாருடைய திட்டத்திலும் இல்லை. ஆள் வேண்டும், ஆள் ஓடிப்போகக் கூடாது, குடும்பத்தோடு வந்தால் ஓடமாட்டான். கங்காணி முறையின் கணக்கு அவ்வளவுதான். குடும்பம் வந்தபோது கூடவே பிள்ளைகளும் வந்தார்கள். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டும் என்றது. சட்டம் பள்ளியைக் கேட்டதே தவிர, அது எப்படிப்பட்ட பள்ளி என்று கேட்கவில்லை. லயத்தில் ஓர் அறை, இல்லாவிட்டால் ஆயாக்கொட்டகையின் ஓர் ஓரம். வாத்தியார் வேலையைக் கிராணி பார்த்தார், கங்காணி பார்த்தார், நாலு எழுத்துத் தெரிந்த தொழிலாளியும் பார்த்தார். காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுப் பிறகு வகுப்பெடுத்தவர்களும் உண்டு. எழுத்து, வாசிப்பு, கணக்கு. துரைக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. கணக்குக்கூட, சம்பளத்தில் பிடித்தது எவ்வளவு என்று கேட்கிற அளவுக்கு வந்துவிடக் கூடாது என்பதில் சில துரைகள் கவனமாக இருந்திருப்பார்கள் என்று சந்தேகப்படுகிறேன்.

வாசிப்புப் புத்தகங்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. அவற்றில் இருந்தது இந்திய ஆறுகள், இந்திய அரசர்கள், இந்தியப் பயிர்கள். லாபுவில் கித்தா என்கிற ரப்பர் மரத்தடியில் பால் மங்கு துடைத்துக் கொடுத்துவிட்டு வந்த பிள்ளை, தான் பார்த்தே இராத காவிரியைப் பற்றிப் படித்தது. காவிரியைப் பற்றிப் படித்ததில் குற்றமில்லை. தாத்தனும் பாட்டியும் அங்கிருந்து வந்தவர்கள்தாமே. ஆனால் வாசலுக்கு வெளியே ஓடுகிற ரயில் எப்போது வந்தது, யாருக்காக வந்தது, எதை ஏற்றிக்கொண்டு போனது என்று அந்தப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.

அதே காலத்தில் மலாய்ப் பள்ளிகளின் நிலை வேறு. 1918இல் ஆர்.ஓ. வின்ஸ்டெட் எழுதிய ‘கிதாப் தவாரிக் மெலாயு’ வெளிவந்தது. 1920களில் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியைச் சேர்ந்த அப்துல் ஹாடி ஹாஜி ஹாசானின் ‘செஜாரா ஆலாம் மெலாயு’ பகுதி பகுதியாக வந்தது. வெள்ளைக்காரர் பார்வையில் எழுதப்பட்ட பழங்கதையை ஒரு மலாய் ஆசிரியர் தம் மாணவர்களுக்காகத் திருப்பி எழுதியது அங்கேதான் தொடங்குகிறது. சிரம்பானில் 1899 முதல் இருந்த செயின்ட் பால் போன்ற ஆங்கிலப் பள்ளிகளில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் வரலாறு. சீனப் பள்ளியில் சீன வம்சங்கள். ஒரே மாவட்டத்தில், சில மைல் இடைவெளியில், நாலு பிள்ளைகள் நாலு இறந்தகாலங்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நாலில் மூன்று இந்த மண்ணில் நடக்கவே இல்லை.

இந்த நாலையும் சேர்த்து ஒரு நாடாக எப்படிக் கட்டுவது என்ற கேள்வி போருக்குப் பிறகுதான் வந்தது. 1951இல் பார்ன்ஸ் அறிக்கை, தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாகப் பொதுவான தேசியப் பள்ளி என்றது. சீனர்களும் இந்தியர்களும் ஒத்துக்கொள்ளவில்லை. 1956இல் ரசாக் அறிக்கை வேறொரு வழி சொன்னது. பள்ளிகள் தத்தம் மொழியிலேயே நடக்கட்டும், பாடத்தின் உள்ளடக்கம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். தமிழ்ப்பள்ளி பிழைத்துக் கிடக்க அந்த ஏற்பாடு ஒரு காரணம் என்று பேசுகிறோம், சரிதான். அதன் இன்னொரு விளைவைக் குறைவாகவே பேசுகிறோம். தோட்டத்துப் பிள்ளை முதன்முறையாகத் தமிழில் பரமேஸ்வராவைப் படித்தது, அவர் நிறுவிய மலாக்காவைப் படித்தது, தான் நிற்கும் நிலத்துக்கும் ஒரு பழங்காலம் இருந்தது என்று தெரிந்துகொண்டது. காவிரியிலிருந்து மலாக்கா ஆற்றுக்குப் பாடம் நகர்ந்தது. லாபு இரண்டிலும் இல்லை.

அதன்பின் பாடம் ஒருமுறை காணாமலே போயிற்று. 1979இல் அமைச்சரவைக் குழுவின் அறிக்கை, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றும் உறுதியாக வர வேண்டும், மற்றவை பிறகு என்றது. அதன்படி 1983இல் நாடு முழுக்க கே.பி.எஸ்.ஆர். பாடத்திட்டம் வந்தது. வரலாறு, புவியியல், சுகாதாரம், அறிவியல் எல்லாம் தனித்தனிப் பெயரை இழந்து ‘ஆலாம் டான் மனுசியா’, அதாவது இயற்கையும் மனிதனும், என்ற ஒரே பாடமாகக் கலந்தன. 1990களின் நடுவில் அறிவியல் தனிக்குடித்தனம் போய்விட, மிச்சம் ‘காஜியான் தெம்பாத்தான்’ ஆனது. உள்ளூரைப் படிப்பது என்று பெயர். பெயரைப் பார்த்தால் தோட்டத்துக்காகவே செய்த பாடம்போல் இருக்கும். நடைமுறையில் மாநிலங்களின் பெயர், சின்னங்கள், விளைபொருள்கள், தலைவர்கள் என்ற மனப்பாடமாகத்தான் பல வகுப்புகளில் அது முடிந்தது.

இது மலேசியாவின் தனிக் கோளாறு இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு வரலாறு புரியுமா என்ற சண்டை உலகம் முழுக்க நடந்திருக்கிறது. 1960களில் இங்கிலாந்தில் ராய் ஹாலம் என்பவர், பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சி பற்றி உளவியலாளர் பியாஜே சொன்ன படிநிலைகளை வரலாற்றுப் பாடத்துக்குப் பொருத்திப் பார்த்துவிட்டு, முறையான வரலாற்றுச் சிந்தனை பதினாறு வயதை ஒட்டித்தான் வருகிறது என்றார். அப்படியானால் தொடக்கப்பள்ளியில் எதற்கு என்று பலர் கையை விரித்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அமெரிக்காவில் ஜெரோம் புரூனர், எந்தப் பாடத்தையும் எந்த வயதுப் பிள்ளைக்கும் பொய்யில்லாத ஒரு வடிவத்தில் சொல்லித் தரலாம் என்று வாதிட்டிருந்தார். ஸ்டான்ஃபோர்டின் பால் ஹன்னா பரப்பிய முறை இன்னொன்று: முதலில் நான், பிறகு என் குடும்பம், என் பள்ளி, என் ஊர், என் மாநிலம், என் நாடு என்று வட்டம் விரிந்துகொண்டே போக வேண்டும். இந்த முறை பிள்ளைகளைச் சலிப்படைய வைக்கிறது, அவர்களுக்கு வீரர்களும் புராணங்களும் தொலைதூர நாடுகளும்தான் பிடிக்கும் என்று டயான் ரேவிட்ச் போன்றவர்கள் பின்னாளில் சாடினார்கள். இங்கிலாந்தோ 1991இல் தேசியப் பாடத்திட்டத்தின் வழி ஐந்து வயதிலேயே வரலாற்றைத் தொடங்கிவிட்டது. ஹாலத்தின் பதினாறு அங்கேயே செல்லுபடியாகவில்லை.

மலேசியாவில் பாடம் திரும்பி வந்ததற்குப் பின்னால் இந்தக் கல்வியாளர்களைவிட அரசியலே அதிகம். 2010 அக்டோபரில் அம்னோ பொதுப்பேரவையில் அப்போதைய துணைப் பிரதமரும் கல்வி அமைச்சருமான முஹிடின் யாசின் இரண்டு அறிவிப்புகளைச் செய்தார். 2013 முதல், இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் வரலாற்றில் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது. 2014 முதல் தொடக்கப்பள்ளியில் வரலாறு முதன்மைப் பாடம். நாட்டுப்பற்று வளரும் என்பது சொல்லப்பட்ட காரணம். உடனே மறுகேள்வியும் எழுந்தது: யாருடைய வரலாறு? பாடநூல் எழுதிய அனுபவமுள்ள ரஞ்சிட் சிங் மால்ஹி போன்றவர்கள், இந்தியர், சீனர் உழைப்பு புத்தகங்களில் சுருங்கிக்கொண்டே போவதை எடுத்துக்காட்டிப் பேசினார்கள். சண்டை பெரும்பாலும் இடைநிலைப்பள்ளிப் புத்தகங்களைச் சுற்றியே நடந்தது. நாலாம் ஆண்டுப் பிள்ளையின் மெல்லிய புத்தகத்தை அதிகம் பேர் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பார்த்திருந்தால் ஒரு நல்ல ஆச்சரியம் கிடைத்திருக்கும். கே.பி.எஸ்.ஆருக்கு அடுத்து வந்த கே.எஸ்.எஸ்.ஆர். பாடத்திட்டத்தில் வரலாற்றின் அடித்தளமாக ஐந்து திறன்களை வைத்தார்கள்: காலவரிசை புரிதல், சான்று தேடுதல், அதற்குப் பொருள் காணுதல், கற்பனை செய்து பார்த்தல், காரணம் சொல்லுதல். மனப்பாடம் அந்த ஐந்தில் இல்லை. முதல் பகுதி தொடங்குவதும் அரண்மனையில் இல்லை. வரலாறு என்றால் என்ன, நானும் என் குடும்பமும், என் பள்ளி, நான் வாழும் இடம் என்றுதான் புத்தகம் திறக்கிறது. ஹன்னாவின் வட்டம்தான், ஆனாலும் தோட்டப் பள்ளிக்கு அது கிடைத்தற்கரிய வாய்ப்பு. கூடவே, இந்தப் பாடத்துக்கு ஆறாம் ஆண்டு இறுதியில் வரும் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் இருந்ததில்லை. பள்ளி அளவிலான மதிப்பீடு மட்டும். தேர்வில்லாத பாடத்தை யார் மதிப்பார்கள் என்று பெற்றோர் கேட்டார்கள். தேர்வில்லாததால்தான் அங்கே வரலாறு நடக்க இடமிருந்தது என்பேன். 2021இல் யு.பி.எஸ்.ஆரே ஒழிந்துவிட்டது, அந்தக் கேள்வியும் அத்தோடு போயிற்று.

அந்த முதல் பகுதியை லாபுவில் எப்படி நடத்தலாம் என்று கொஞ்சம் பார்ப்போம். டீச்சர் முதலில் வெண்பலகையில் ஒரு நீண்ட கோடு போடுவார். ஒரு முனையில் இந்த ஆண்டு. பிள்ளை தான் பிறந்த ஆண்டைக் குறிக்கும், பிறகு அம்மா பிறந்தது, பாட்டி பிறந்தது. பத்து வயதில் இதுவே பெரிய அதிர்ச்சி. பாட்டியின் புள்ளிக்கும் தன் புள்ளிக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது! அம்மா இல்லாத ஒரு காலம் இருந்தது என்பதை அந்தக் கோடு சொல்வதுபோல் வாயால் சொல்ல முடியாது. கோடு பலகை தாண்டிப் போனால் சுவரில் சணல் கயிறு கட்டித் துணிக்கவ்வியில் அட்டை மாட்டுகிற டீச்சர்களும் உண்டு. பரமேஸ்வராவுக்கு இடம் வேண்டும் என்றால் கயிறு வகுப்பைத் தாண்டி நடைபாதை வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

அடுத்தது பள்ளி. பெயரில் உள்ள எண்ணை எடுத்துக்கொண்டால் போதும்.

“டீச்சர், ஒண்ணாம் பிரிவு இருக்கு, நாலாம் பிரிவு இருக்கு. ரெண்டும் மூணும் எங்க டீச்சர்?”

இந்தக் கேள்வி ஒரு வகுப்பில் எழுந்துவிட்டால் அந்த ஆண்டின் வரலாற்றுப் பாடம் நடந்தாயிற்று என்று கொள்ளலாம். கேள்விக்கான விடை புத்தகத்தில் இருக்காது. பிள்ளை போய்க் கேட்க வேண்டும். பழைய தண்டல் இன்னும் இருந்தால் அவரை, கோவில் தலைவரை, தாத்தாவை. ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு பொருந்தாது. மூன்றாம் டிவிசன் அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் என்பார் ஒருவர், இல்லை இந்தப் பக்கம் என்பார் மற்றவர். எந்தச் சான்றை நம்புவது என்று பிள்ளை முடிவெடுக்கும் அந்த நொடியை ஹாலம் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு பொருள்கள். பால் வெட்டும் கத்தி, மங்கு, காண்டா வாளி. இவை இப்போது சில வீடுகளில் அலங்காரம், பல வீடுகளில் பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டவை. இவற்றைவிட முக்கியமான பொருள் ஒன்று அலமாரிக்குள் இருக்கும்: பாட்டியின் அடையாள அட்டை. சில குடும்பங்களில் அது நெடுங்காலம் சிவப்பாகவே இருந்தது, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி என்பதற்கான நிறம். “பாட்டி, ஒங்க ஐசி ஏன் செவப்பு? எங்களுது நீலமா இருக்கே?” என்று பேரன் கேட்டால், 1957இல் அரசு பதிவு செய்யச் சொன்னதும், அதை லயத்துக்கு வந்து யாரும் சொல்லாததும், மனு எழுதக் கிராணியிடம் நின்றதும், 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று வந்தபோது பக்கத்து லயத்துக்காரர்கள் மூட்டை கட்டிக் கப்பலேறியதும் வெளியே வரும். அந்தக் காலத்தில் ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்பது கணக்கு. பிள்ளையின் நோட்டில் அது “பாட்டியின் தங்கச்சி ஊருக்குப் போய்விட்டார், திரும்பவில்லை” என்ற ஒரு வரியாக நிற்கும். பத்து வயதுக்கு அந்த ஒரு வரி போதும்.

கேட்பதற்கு இன்னும் உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள், மிகப் பலர் திரும்பவில்லை. அந்தத் தலைமுறை இப்போது இல்லை. அவர்களின் பிள்ளைகளின் வாய்ச்சொல்லாகத்தான் மிஞ்சியிருக்கிறது. தொழிற்சங்கம் வந்த கதை இன்னொன்று. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதை வழிநடத்திய பி.பி. நாராயணன், தம் சங்க வாழ்க்கையைத் தொடங்கியது இதே நெகிரி செம்பிலானில்தான். நாலாம் ஆண்டுக்கு அது கனமான பாடமோ என்று தயங்கலாம். “முன்ன மழை பெஞ்சா அரை நாள் சம்பளம், அதுக்கு யாரோ பேசுனாங்க” என்று தாத்தா சொன்னால் கனம் தெரியாது.

இவ்வளவும் எத்தனை நாளில்? வரலாற்றுக்கு வாரத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். சில வாரங்களில் முதல் பகுதி முடிந்தாக வேண்டும். முடிந்ததும் புத்தகம் அடுத்த அலகைத் திறக்கும். என்ன அலகு தெரியுமா? பனியுகம். பாட்டியின் அடையாள அட்டையை உள்ளே வைப்பதற்குள் பிள்ளை பனிப்பாறை உருகிக் கடல்மட்டம் உயர்வதைப் படித்துக்கொண்டிருக்கும். அதன்பின் வரலாற்றுக்கு முந்திய காலம், முந்தைய மலாய் அரசுகள், மலாக்கா. ஐந்தாம் ஆண்டில் ஆட்சியாளர்கள், அந்நியத் தலையீடு, விடுதலை, கொடி, தேசிய கீதம். ஆறாம் ஆண்டில் மலேசியா உருவானது, மாநிலங்கள், இனங்கள், பெருநாள்கள், விளையாட்டு. அலகுத் தலைப்புகளில் தோட்டம் இல்லை. ‘என் ஊர்’ என்று தொடங்கிய வட்டம் விரியவில்லை. அறுந்து பல ஆயிரம் ஆண்டு பின்னால் போய் விழுந்தது. இந்தப் பாடத்தின் மீது எனக்குள்ள வழக்கு இதுதான். பரமேஸ்வரா வேண்டாம் என்று சொல்லவில்லை. கயிற்றில் பரமேஸ்வராவுக்கும் பாட்டிக்கும் நடுவே ஐந்நூறு சொச்சம் ஆண்டு இருக்கிறது. அந்த நீளத்தில் ரப்பரும் கங்காணியும் ரயிலும் லயமும் ஒரு முழு அலகுக்கு உரிமையுள்ளவை. அதுவும் தமிழ்ப்பிள்ளைக்கு மட்டும் என்று இல்லை. இந்த நாட்டைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்று கம்பத்துப் பிள்ளையும் பட்டணத்துப் பிள்ளையும்கூடத் தெரிந்துகொள்ளலாமே.

ஊர் காத்திருக்கவும் மாட்டேன் என்கிறது. கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கை தேவையில்லை. தேவைப்படும் கைகளும் இப்போது வேறு நாடுகளிலிருந்து வருகின்றன. லயங்கள் காலியாகித் தாமான்கள் நிரம்பின. 2009 ஜனவரியில் லாபுவில் மலிவுக் கட்டண விமான நிலையம் கட்டப்போவதாக ஏர் ஆசியாவும் சைம் டார்பியும் அறிவித்தன. பெயர்கூட வைத்தாயிற்று, கே.எல்.ஐ.ஏ. ஈஸ்ட் என்று. அந்த மாத இறுதிக்குள் திட்டம் கைவிடப்பட்டது. அந்த நிலையம் கடைசியில் செப்பாங்கிலேயே 2014இல் கே.எல்.ஐ.ஏ. 2 என்று திறந்தது. இப்போது மலேசியா விஷன் வேலி என்ற பெரும் வளர்ச்சித் திட்டத்தின் எல்லைக்குள் லாபு இருக்கிறது. ஒரு நாலாம் ஆண்டு வகுப்புக்கு இதுவும் வரலாறுதான்: ஒரு மாதம் மட்டும் வாழ்ந்த விமான நிலையம். பழைய செய்தித்தாளைத் தேடி எடுத்துக் கொடுத்தால் பிள்ளைகள் விடமாட்டார்கள். எங்கே ஓடுபாதை வந்திருக்கும், யார் வீட்டு மேல் விமானம் பறந்திருக்கும் என்று வரைபடமே போட்டுவிடுவார்கள். கற்பனை செய்து பார்த்தல் என்று அந்த ஐந்து திறன்களில் ஒன்றைச் சொன்னேனே, அது இதுதான்.

2027இல் புதிய பாடத்திட்டம் தொடங்குகிறது என்று கல்வி அமைச்சு அறிவித்திருக்கிறது. கீழ்வகுப்புகளுக்கு அதில் ஓர் ஒருங்கிணைந்த பாடம். அதற்கு வைத்த பெயர், ‘ஆலாம் டான் மனுசியா’. கே.பி.எஸ்.ஆர். காலத்துப் பெயர் அப்படியே திரும்பி வருகிறது. வரலாற்றுப் பாடத்தின் கதையில் இதுவே ஒரு வரலாறு. அந்த ஆண்டு முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகள் நாலாம் ஆண்டுக்கு வரும்போது 2030 ஆகியிருக்கும். அதற்குள் தோட்டப் பள்ளிகளில் செய்து வைக்க ஒரு வேலை இருக்கிறது, செலவும் அதிகமில்லை. பழைய சேர்க்கைப் பதிவேடு எந்தப் பள்ளியில் மிஞ்சியிருந்தாலும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்க வேண்டும். மாணவர் பெயர், தந்தை பெயர், தந்தையின் தொழில், எந்தப் பிரிவிலிருந்து வந்தார், எந்தத் தேதியில் நின்றார், ஏன் நின்றார். இரண்டாம் பிரிவும் மூன்றாம் பிரிவும் எங்கே என்று கேட்கப்போகும் பிள்ளைக்குக் கையில் கொடுக்க அது வேண்டும், கரையான் முந்திக்கொள்வதற்குள்.